ஜாதகத்தில் கிரகத்தின் பக்கத்தில் ‘(வ)’ என்று இருந்தால்

ஈசூனில் இருக்கும் ஒரு சகோதரி தம் மகளின் ஜாதகத்தை அனுப்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மகள் 1999ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த கையோடு, நவம்பர் 8ஆம் தேதி காலை ஆறரை மணி அளவில் சிங்கப்பூரில் பிறந்தவர். துலா லக்னம், துலா ராசி, சுவாதி நட்சத்திரம். மேஷத்தில் இருக்கும் குரு, சனி ஆகிய இரண்டின் பக்கத்திலும், விருச்சிகத்தில் இருக்கும் புதனின் பக்கத்திலும் வக்ரம் என்பதன் சுருக்கமாக ‘(வ)’ என்று எழுதியிருக்கிறது. வரன் பேசிய ஒரு வீட்டார் அந்த மூன்று குறிகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, “மூன்று கிரகம் வக்ரம், அதிலும் இரண்டு ஏழாம் வீட்டில், பெண்ணின் குணம் வக்கிரமாக இருக்கும்” என்று ஜோதிடர் சொன்னதாகத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வக்ரம் அவ்வளவு கெட்டதா, அதற்குப் பரிகாரம் உண்டா, அடுத்த வீட்டுக்கு நகல் கொடுக்கும்போது அந்த ‘(வ)’ குறிகளை எடுத்துவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தியது. பெற்ற பெண்ணின் குணத்தைப் பற்றி, அவளை ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒருவர், ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதியிருக்கிறார். அவர் எழுதியது சோதிட நூல்கள் சொல்வதற்கும் மாறானது என்பதை உங்களுக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. பேச்சுவழக்கில் ‘வக்கிர புத்தி’ என்றால் கோணலான, கெட்ட எண்ணம் என்று பொருள் கொள்கிறோம். அந்தப் பழக்கத்தில், ஜாதகத்தில் வக்ரம் என்று கேட்டவுடன் நம் மனம் அந்தப் பக்கமே ஓடுகிறது. ஆனால் வக்ரம் என்ற வடசொல்லுக்கு வளைந்தது என்பதே மூலப் பொருள். எந்தக் காரியம் தொடங்கினாலும் “வக்ரதுண்ட மகாகாய” என்றுதான் பிள்ளையாரை வணங்குகிறோம். அங்கே வக்ரதுண்டம் என்பது வளைந்த துதிக்கையைக் குறிக்கிறதேயன்றிக் குற்றம் எதையும் குறிக்கவில்லை. கிரகத்துக்குச் சொல்லும் வக்ரமும் அப்படிப்பட்டதே. அது கிரகம் செல்லும் பாதை வளைந்து திரும்புவதைச் சொல்கிறது. குணத்தைப் பற்றி அந்தச் சொல்லில் எதுவும் இல்லை.

பாதை ஏன் வளைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் தீர்ந்துவிடும். தீவு விரைவுச்சாலையில் நீங்கள் டாக்சியில் போகும்போது, இடப்பக்கத் தடத்தில் ஒரு பேருந்து அதே திசையில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி அதை முந்தும் சில விநாடிகளுக்கு, தொலைவில் தெரியும் அடுக்குமாடிக் கட்டடங்களை வைத்துப் பார்த்தால் அந்தப் பேருந்து பின்னோக்கி நகர்வதுபோலத் தோன்றும். பேருந்து பின்னால் போகவில்லை, அதன் ஓட்டுநர் எந்தத் தவறும் செய்யவில்லை. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் செவ்வாய், குரு, சனி ஆகியவற்றின் வேகத்தைவிட அதிகம் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் நாம் அவற்றை முந்திச் செல்கிறோம். அப்படி முந்தும் வாரங்களில் அவை நட்சத்திரங்களுக்கு இடையே பின்னோக்கிப் போவதாகத் தெரிகின்றன. புதனும் சுக்கிரனும் நம்மை முந்திச் செல்லும்போது அதே தோற்றம் உண்டாகிறது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இது ஒருபோதும் நேர்வதில்லை. ராகு கேதுக்களின் சராசரிப் போக்கு எப்போதும் பின்னோக்கியே இருப்பதால் அவற்றுக்குத் தனியாக ‘(வ)’ போட வேண்டிய தேவை இல்லை.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. கொவிட்-19 கிருமிப் பரவல் இருந்த 2020ஆம் ஆண்டில், செப்டம்பர் 9 வாக்கில் செவ்வாய் வக்ரம் தொடங்கி நவம்பர் 14 வாக்கில் நிவர்த்தி ஆனது, அதாவது வக்ரம் நீங்கியது. வெளியே அதிகம் போக முடியாத அந்த மாதங்களில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்தில் நின்று, எதிர்ப் புளோக்கின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே எழும் செவ்வாயை என் பேரன் ஒரு கட்டம் போட்ட தாளில் பென்சிலால் குறித்துவந்தான். மேகம் மறைத்த இரவுகள் பல இருந்தும், நவம்பர் கடைசியில் அந்தப் புள்ளிகளைச் சேர்த்தபோது தாளில் ஒரு வளையம் வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. செவ்வாய் பின்னோக்கிப் போன நாட்களில்தான் அது மிகப் பெரிதாக, மிகச் சிவப்பாக, அக்டோபர் நடுவில் குருவையும் மிஞ்சும் ஒளியோடு இருந்தது. நிவர்த்தியாகி நேர்கதிக்கு வந்த பிறகு வாரத்துக்கு வாரம் மங்கிப்போனது.

வக்ரத்தைப் பற்றிய சாத்திரத்தின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். செவ்வாய், குரு, சனி மூன்றும் வக்ரத்தில் இருக்கும்போது சூரியனுக்கு நேர் எதிரே வருகின்றன. அப்போது அவை பூமிக்கு மிக அருகில் இருக்கும், மாலை விளக்கேற்றும் நேரத்தில் கிழக்கே உதித்து இரவு முழுவதும் தெரியும். வானத்தைக் கண்ணால் பார்த்துச் சாத்திரம் எழுதியவர்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. மந்திரேசுவரரின் பலதீபிகை, நல்ல ஒளிக்கதிர்கள் நிறைந்து வக்ரம் பெற்ற கிரகம், பலம் குன்றும் நீச ராசியிலோ பகை ராசியிலோ இருந்தாலும் பலமுள்ளதே என்கிறது. பராசர ஹோரையில் கிரகத்துக்குச் சொல்லப்படும் ஆறு பலங்களில் ஒன்று சேஷ்டா பலம், அதாவது நடையினால் வரும் பலம். அதில் எட்டு வகைக் கதிகளைச் சொல்லி, வக்ர கதிக்கு முழு அளவாகிய 60 மதிப்பெண் தருகிறார்கள்; அசைவற்று நின்றதுபோலத் தெரியும் விகல கதிக்குக் கிடைப்பது 15தான். வராகமிகிரரின் பிருகத் ஜாதகம் ஆயுள் கணக்கில், பலம் மிகும் ராசியில் நின்று உச்சம் பெற்ற கிரகத்தையும் வக்ரம் பெற்ற கிரகத்தையும் ஒரே வரிசையில் வைத்து, அவை தரும் ஆண்டுகளை மும்மடங்காக்கச் சொல்கிறது. கெட்டுப்போன ஒரு கிரகத்துக்கு இத்தகைய மரியாதையை யாரும் தரமாட்டார்கள்.

ஆகவே வக்ரம் என்பது பலத்தின் அளவு. அந்தப் பலத்தை நல்லதற்குச் செலவிடுமா, கெட்டதற்குச் செலவிடுமா என்பதை ‘(வ)’ சொல்லாது. அதை அந்தக் கிரகத்தின் இயல்பு, அதற்கு அந்த லக்னத்தில் உள்ள ஆதிபத்தியம் (எந்த வீடுகளுக்கு அது அதிபதி என்பது), அது நிற்கும் வீடு, பெறும் பார்வை ஆகியவற்றைப் பார்த்தே சொல்ல வேண்டும். கல்யாணவர்மரின் சாராவளி இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது: வக்ரம் பெற்ற சுபர்கள் (இயல்பில் நன்மை தரும் கிரகங்கள்) அரசுக்கு நிகரான பதவியைத் தருவார்கள், வக்ரம் பெற்ற பாபர்கள் (இயல்பில் தீமை தரும் கிரகங்கள்) துன்பத்தையும் பயனற்ற அலைச்சலையும் தருவார்கள் என்பது அதன் கருத்து. இரண்டு இடத்திலும் வக்ரம் செய்யும் வேலை ஒன்றே. கிரகத்தின் கையை ஓங்கச் செய்கிறது.

புதனையும் சுக்கிரனையும் கொஞ்சம் வேறாகப் பார்க்க வேண்டும். அவை வக்ரத்தின் நடுவில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வருவதால், அருகில் இருந்தும் சூரிய ஒளியில் மறைந்துவிடுகின்றன. அதாவது வக்ரமும் அஸ்தங்கமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். குருவுக்கும் சனிக்கும் செவ்வாய்க்கும் வக்ரத்தில் அஸ்தங்கம் என்பதே கிடையாது. சூரிய சித்தாந்தம் இந்த நுட்பத்தையும் விட்டுவைக்கவில்லை. புதனுக்கு அஸ்தங்க எல்லை 14 பாகை, வக்ரத்தில் இருந்தால் 12 பாகை. சுக்கிரனுக்கு 10 பாகை, வக்ரத்தில் 8 பாகை என்று குறைத்துச் சொல்கிறது. அருகில் வந்த கிரகத்தின் வட்டம் பெரிதாகிவிடுவதால் அது சூரியனுக்கு இன்னும் நெருங்கினால்தான் மறையும் என்பதே காரணம்.

உங்கள் மகளின் கட்டத்துக்கு வருகிறேன். அன்று சூரியன் துலாத்தில் 21 பாகை வாக்கில் இருக்கிறார். சனி மேஷத்தில் ஏறத்தாழ 20 பாகையில், நேர் எதிரே. ஒரு கிரகத்துக்கு ஐந்தாம் இடத்தை நெருங்கி சூரியன் வரும்போது வக்ரம் தொடங்கும், ஒன்பதாம் இடத்துப் பக்கம் போனதும் நிவர்த்தியாகும் என்று குரு, சனிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு; அதன்படி பார்த்தால் சூரியன் ஏழில் இருக்கும்போது சனி வக்ரத்தில் இல்லாமல் இருக்கவே முடியாது. அந்த ஐப்பசி மாதத்தில் இந்தத் தீவில் மட்டுமல்ல, உலகெங்கும் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் குருவும் சனியும் வக்ரம்தான். அவர்கள் எல்லோருடைய குணத்தையும் சிவப்பு மையால் வட்டமிட முடியுமா? பொதுவாகவே சனி ஆண்டுக்கு நாலரை மாதமும், குரு பதின்மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு மாதமும் வக்ரத்தில் இருப்பார்கள். ஆக, மூன்று பேரில் ஒருவருக்குச் சனி வக்ரம் இருக்கும். பத்துப் பேரில் மூவருக்குக் குரு வக்ரம் இருக்கும். அரிதானவை சுக்கிர வக்ரமும் செவ்வாய் வக்ரமும்தான்.

சனியை எடுத்துக்கொள்வோம். துலா லக்னத்துக்குச் சனி நான்குக்கும் ஐந்துக்கும் உடையவர். கேந்திரமும் (1, 4, 7, 10ஆம் வீடுகள்) திரிகோணமும் (1, 5, 9ஆம் வீடுகள்) ஒருவர் கையில் வருவதால் அவரே யோககாரகர், அதாவது அந்த லக்னத்துக்கு யோகம் தருபவர். மேஷத்தில் 20 பாகை என்பது சனியின் பரம நீசப் புள்ளி என்பதால், உச்ச பலம் அவருக்குப் பூச்சியம் என்றே சொல்லலாம். சிவப்பு மைக்காரர் இதோடு நிறுத்தியிருப்பார். ஆனால் சனிக்குத் திக்பலம், அதாவது நிற்கும் திசையால் வரும் பலம், கிடைப்பது ஏழாம் வீட்டில். அன்று காலை ஆறரை மணிக்கு அவர் மேற்கு அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததால் அது ஏறக்குறைய முழுமையாகவே இருக்கிறது. வக்ரத்தின் உச்சியில் இருப்பதால் சேஷ்டா பலமும் முழுமை. மேஷத்தில் உச்சமாகும் சூரியன் லக்ன கேந்திரத்தில் இருப்பதால், நீசம் நீங்கும் நீசபங்கத்துக்கும் ஒரு விதி பொருந்துகிறது. நீசத்தால் இழந்ததை நடையாலும் திசையாலும் ஈட்டிக்கொண்ட யோககாரகர் இவர். திருமணத்தைக் குறிக்கும் ஏழில் சனி இருந்தால் அது கொஞ்சம் நிதானமாக அமையும், வருகிறவர் வயதிலோ பொறுப்பிலோ முதிர்ந்தவராக இருப்பார் என்று நூல்கள் சொல்வதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தாமதம் வேறு, கேடு வேறு.

குருவின் கதை இதற்கு நேர்மாறானது; இங்கேதான் நான் உங்களை எச்சரிக்க வேண்டும். துலா லக்னத்துக்குக் குரு மூன்றுக்கும் ஆறுக்கும் உடையவர். இயல்பில் சுபரானாலும் ஆதிபத்தியத்தால் அவ்வளவு நல்லவர் அல்லர். ஏழில் அவருக்குத் திக்பலமும் இல்லை. ஆறாம் அதிபதி வக்ரத்தால் பலம் பெற்று ஏழில் நிற்பதால், சம்பந்தம் பேசும் காலத்தில் வீண் வாதம், ஒப்பிட்டுப் பேசுதல், பேச்சு முறிந்து மீண்டும் தொடங்குதல் போன்றவை வரக்கூடும் என்று சொல்வது நியாயமான பலன். உங்களுக்கு நடந்ததும் அதுதானே. அதே குருவின் ஏழாம் பார்வை லக்னத்திலும் சந்திரன் மீதும் விழுகிறது, சந்திரனுக்குக் கேந்திரத்திலும் இருக்கிறார். பெண்ணின் மனத்துக்கும் குணத்துக்கும் காவலாக நிற்கும் பார்வை அது. குணத்தைக் குறை சொல்ல வந்தவர் குருவின் பார்வை விழும் இடத்தையே குறை சொல்லியிருக்கிறார்.

வக்ர கிரகம் முந்தைய வீட்டின் பலனைத் தரும் என்று ஒரு வழக்கு உண்டு. அதைச் சொல்லி, குரு ஆறாம் வீடாகிய மீனத்துக்குப் போய்விடுவார், கடன் நோய் வரும் என்று நாளை வேறு ஒருவர் பயமுறுத்தலாம். கிரகம் ராசியின் தொடக்கப் பாகைகளில் இருந்து, உண்மையிலேயே பின் ராசிக்குள் நுழையப் போகிற நிலையில் மட்டுமே நான் அதைக் கணக்கில் எடுப்பேன். உங்கள் மகளுக்குக் குரு மேஷத்தில் 4 பாகையில் இருக்கிறார். அவர் அங்கிருந்து 1 பாகை வரை பின்வாங்கி, மீனத்தைத் தொடாமலேயே 1999 டிசம்பர் 20 வாக்கில் நேர்கதிக்குத் திரும்பிவிட்டார். எனவே அந்தப் பேச்சு இங்கே எழாது.

புதன் வக்ரம் தொடங்கி மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. சூரியனுக்கும் புதனுக்கும் இடையே 15, 16 பாகை இருப்பதால் அஸ்தங்கமும் இல்லை. ஒன்பதாம் அதிபதி, வாக்கு ஸ்தானமாகிய இரண்டாம் வீட்டில் இருக்கிறார். படிப்பும் பேச்சும் யோசித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துச் செய்யும் இயல்பாக இருக்கலாம் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை. புதன் வக்ரத்தில் கைப்பேசி பழுதாகும், ஒப்பந்தம் போடக் கூடாது என்று இப்போது அலுவலகங்களில் இளையவர்கள் பேசிக்கொள்வது மேலைநாட்டுச் சோதிடத்திலிருந்து வந்த வழக்கம். புதன் ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் அளவுக்கு வக்ரமாகிறது. அத்தனை நாட்களும் யாரும் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாது.

உத்தர காலாமிருதத்தில் வரும் ஒரு விதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நீசம் பெற்ற கிரகம் வக்ரமானால் உச்ச பலனும், உச்சம் பெற்ற கிரகம் வக்ரமானால் நீச பலனும் தரும் என்பது அது. நம் பக்கத்து ஜோதிடர்கள் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். இதன்படி உங்கள் மகளின் சனி உச்சமாகிவிடுகிறார், நான் அதைச் சொல்லி உங்களை மகிழ்விக்கலாம். ஆனால் அந்த விதியின் இரண்டாம் பாதியை என் மனம் ஏற்கவில்லை. 2025 நவம்பர் 11 முதல் டிசம்பர் 5 வரை குரு தம் உச்ச ராசியாகிய கடகத்தில் வக்ரத்தில் இருந்தார். வானில் அவர் ஒளி கூடிக்கொண்டே வந்த அந்த நாட்களில் பிறந்த குழந்தைகளுக்குக் குரு நீசம் என்று எழுத எனக்குக் கை வராது. பலதீபிகை சொல்வதுபோல, வக்ரம் பலம் தரும் என்ற அளவில் நிற்பதே சரி என்பது என் முடிவு. உங்கள் மகளுக்கு நன்மை சொல்ல அதுவே போதுமானதாகவும் இருக்கிறது.

சுவாதியின் கடைசிப் பாகத்தில் பிறந்ததால் ராகு திசை, அதாவது ராகு ஆளும் காலம், இரண்டு ஆண்டுக்குள் முடிந்து, பதினாறு ஆண்டுக் குரு திசையும் கழிந்து, 2017 வாக்கில் சனி திசை தொடங்கியிருக்கிறது. 2036 வரை அந்த யோககாரகரின் ஆட்சிதான். திருமணம் தள்ளிப்போகிறதே என்று நீங்கள் கவலைப்படும் இந்த ஆண்டுகளில், படிப்பிலும் வேலையிலும் அவள் நிலையாகக் கால் ஊன்றியிருக்கிறாளா என்று பாருங்கள். சனி முதலில் கொடுப்பது அதைத்தான்.

கணிப்பதில் இரண்டு சிறு செய்திகள். சிராங்கூன் சாலைக் கடைகளில் நாம் வாங்கும் பஞ்சாங்கங்கள் பெரும்பாலும் இந்திய நேரத்தில் அச்சிடப்பட்டவை. வக்ர ஆரம்பமும் நிவர்த்தியும் உலகுக்கெல்லாம் ஒரே கணத்தில் நிகழ்பவை. அங்கே அச்சிட்ட நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் இங்குள்ள நேரம் கிடைக்கும். பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்திலும், இன்றைய வானியல் கணக்கின்படி கணிக்கும் திருக்கணிதத்திலும் வக்ரத் தேதிகள் ஒத்துப்போவதில்லை. நான் மேலே எழுதியவை எல்லாம் திருக்கணிதம். மேலும், உங்கள் ஜாதகத்தையோ உங்கள் கணவர் ஜாதகத்தையோ கணினியில் போட்டுப் பார்ப்பதானால், 1982 ஜனவரி 1க்கு முன் சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரமே முன்னால் இருந்தது என்பதைக் கவனியுங்கள். எட்டு என்று போட்டால் வக்ரம் மாறாது, ஆனால் லக்னம் ஏழு, எட்டுப் பாகை நகர்ந்துவிடும். இரண்டு ராசிகள் சேரும் ராசிச் சந்தியில் பிறந்தவருக்கு வீடே மாறிவிடும்.

பரிகாரம் கேட்டிருந்தீர்கள். வக்ரத்துக்கென்று தனிப் பரிகாரம் தேவை இல்லை. பலம் பெற்ற கிரகத்தைச் சாந்தப்படுத்தச் சில ஆயிரம் வெள்ளி செலவில் ஹோமம் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அந்தப் பணத்தை மகளின் பேரில் வங்கியில் போட்டு வையுங்கள். மன அமைதிக்காக வியாழக்கிழமையோ சனிக்கிழமையோ பக்கத்துக் கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றிவந்து ஒரு விளக்கு ஏற்றுவது நல்லது. மகளையும் உடன் அழைத்துப் போங்கள். ஆனால் தோஷம் கழிக்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லாதீர்கள்.

நகலில் ‘(வ)’ குறிகளை எடுக்க வேண்டாம். பிறந்த தேதி தாளில் இருக்கிறது. கணினி வைத்திருக்கும் எவரும் ஒரு நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்து, மறைத்துக் கொடுத்தார்கள் என்ற பேச்சைக் கிளப்புவார்கள். அந்தச் சிவப்பு வட்டங்கள் உள்ள தாளை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒரு பிரதி எடுத்து, மூன்று ‘(வ)’ குறிகளையும் அப்படியே விட்டு, ஒவ்வொரு கிரகத்தின் பக்கத்திலும் அதன் பாகையையும் எழுதிக் கொடுங்கள். சனிக்கு நேராக 20, லக்னத்துக்கு நேராக 17 என்று பார்த்ததும், கணக்குத் தெரிந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திக்பலத்தைத்தான் முதலில் பார்ப்பார்.